பேசக் கற்பிப்போம்

(பதுளையில் தோட்டத்துப் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



1948ஆம் ஆண்டின் சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. நாம் வாய்மூடிக் கிடந்தோமா? இல்லை. 1952இல் கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தோம். 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நிறைவேறும்வரை பேசிக்கொண்டே இருந்தோம், பேசியதாற் பெற்றோம். இவ்வாறு உரிமைக்குக் குரல் கொடுத்த சமூகம், தன் குழந்தையிடம் மட்டும் "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று சொல்வது ஏன்? அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இன்று வந்துள்ளோம்.

பசறையிலும் அப்புத்தளையிலும் நமுனுகலைச் சாரலிலும் உள்ள தோட்டங்களின் நிலையை நாம் அறிவோம். தாய் காலையிலேயே கொழுந்தெடுக்க மலையேறுகிறாள். சில தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளிலே உழைக்கின்றனர். பிள்ளைக்காம்பராவில் இருக்கும் வயதைத் தாண்டிய பிள்ளை, பள்ளி விட்டபின் மாலைவரை லயத்திலே தனித்திருக்கிறது. அயலாரின் அன்பே அதற்குக் காவல். அந்த அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், குழந்தைக்குப் பாலியல் தீங்கு செய்பவன் பெரும்பாலும் அந்நியன் அல்லன். குழந்தை அறிந்தவனே, குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றவனே என்பது உலகெங்கும் கண்ட உண்மை. லயத்துக்கு மட்டும் உரிய பழியன்று இது, மாளிகைகளிலும் நடப்பதுதான். அவன் இனிப்புக் கொடுப்பான். பின்னர், "அம்மாவிடம் சொல்லாதே" என்பான். பெரியவர் சொல்லைத் தட்டாதே என்று மட்டுமே கற்ற குழந்தை, அந்தச் சொல்லையும் தட்டாது!

ஆகவே, கீழ்ப்படியக் கற்பித்த நாம் மறுக்கவும் கற்பிக்க வேண்டும். மூன்று, நான்கு வயதிலேயே இதனைத் தொடங்கலாம். பீலியிலே குளிப்பாட்டும்போதே உடலுறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாத குழந்தை முறையிடுவது எங்ஙனம்? குளிக்கும்போது துணியால் மறைக்கும் இடங்கள் தனக்கே உரியவை. சுத்தம் செய்யத் தாயும், தாய் உடனிருக்க மருத்துவரும் தவிர வேறெவரும் தொடலாகாது. எவர் தொட்டாலும், தொடச் சொன்னாலும் "வேண்டாம்" என்று கூவி, விலகி ஓடி, நம்பிக்கையானவரிடம் சொல்ல வேண்டும்: இவ்வளவே பாடம். பயத்தால் கூவ முடியாமற் போனாலும் குற்றம் தன்னுடையதன்று என்பதையும் குழந்தை அறியட்டும். யாரிடம் சொல்வது என்று ஐந்து விரலுக்கு ஐந்து பேரைக் குழந்தையே எண்ணிச் சொல்லட்டும். ஒருவர் நம்பாவிடில் மற்றவரிடம் சொல்லட்டும். பெண்பிள்ளைக்கு மட்டுமன்று, ஆண்பிள்ளைக்கும் இது வேண்டும்.

குழந்தை பேசிவிட்டால் நம் பொறுப்பு தொடங்குகிறது. அடிக்காதீர்கள், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, தவறு உன்னுடையதன்று" என்று அணைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் விசாரித்துப் புண்ணைக் கிளறாதீர்கள். குழந்தையின் உடையைத் துவைக்காமல், தாமதமின்றி அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே சட்ட மருத்துவ அதிகாரியின் பரிசோதனைக்கு வழியுண்டு.

தோட்டத்துக்குள்ளேயே பேசி முடித்து, பணம் வாங்கிக் கொடுத்து மூடிவிடுவோம் என்பார் உளர். மானம் போகுமாம்! போவது எவருடைய மானம்? தீங்கு செய்தவனுடையதா, தீங்குக்கு ஆளான பச்சிளங் குழந்தையுடையதா? மூடி மறைப்பது அடுத்த குழந்தையைக் காட்டிக் கொடுப்பதாகும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் இக்குற்றங்களுக்குக் கடுந்தண்டனை விதித்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசியச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. குழந்தையின் ஒளிப்பதிவு வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. 1929 என்ற எண்ணுக்கு அழைத்தால் அந்தச் சபையிடமே கட்டணமின்றி முறையிடலாம்.

இங்கே மொழியுரிமையும் வந்து நிற்கிறது. நடுங்கும் குழந்தை தன் தாய்மொழியிலேதான் சொல்லும். தமிழ் ஆட்சிமொழி என்பதை 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஏற்றது. எனவே, பொலிஸ் நிலையத்திலே தமிழில் முறையிடுவதும், புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிட மறுப்பதும் நம் உரிமை. படித்தவர்களே, ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே! அந்தத் தாயோடு பொலிஸ் நிலையம்வரை நடந்து செல்லுங்கள். வெலிமடையில் காய்கறி பயிரிடும் உழவர் பெருமக்களே! நாற்றுக்கு வேலியிடுவோர் நீங்கள். பிள்ளைக்கு வேலி, அது பேசும் சொல்லே.

இன்றிரவு வீடு திரும்பியதும் பிள்ளையை மடியில் இருத்தி, "எதையும் என்னிடம் சொல்லலாம், சொன்னால் அடிக்கமாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். பேசிப் பெற்ற சமூகம் நாம். நம் பிள்ளைகளும் பேசட்டும்!