லயத்து எலிக்கு யார் பொறுப்பு?

(மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோட நேரா வந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

போன முறை நாங்கள் இந்தப் பக்கம் வந்தபோது, கடைசிக் காம்பராவில் குடியிருக்கிற ஒரு தாய் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ராத்திரி தூக்கத்தில் கைப்பிள்ளையின் கால்விரலை எலி கடித்துவிட்டது. கங்காணியிடம் சொன்னாராம். "வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா எலி ஏன் வருது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு அந்தத் தாய் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். நாங்களும் பல வருசமாக இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தோம். கூட்டு, கழுவு, குப்பையைப் புதை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனோம். அதில் பிழை இல்லை, ஆனால் அது பாதிதான்.

மற்றப் பாதியை உங்கள் லயத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டின லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. எத்தனையோ லயங்களில் நடுச்சுவர் தகரம் வரைக்கும் போகவில்லை, மேலே வெளியாகவே கிடக்கிறது. முதல் காம்பராவில் ஏறின எலி மண்ணில் கால் வைக்காமலே கடைசிக் காம்பராவில் இறங்கும். கரப்பானும் அப்படித்தான். மூட்டைப்பூச்சி சுவர் வெடிப்புக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. நீங்கள் ஒரு வீட்டில் மருந்து வைத்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வாரம் விருந்தாடிவிட்டுத் திரும்பி வரும். அப்புறம் "அவ வீட்டு எலிதான் இங்க வருது" என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை. எலி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

டவுனில் வாடகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டிபானை கழுவுவது குடியிருப்பவர் வேலை. கூரை, சுவர், கான் உடைந்தால் வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். இங்கே சிலர் சொல்வார்கள்: "நாம வாடகை கட்டலியே, எந்த வாயால கேக்கிறது?" அப்படி இல்லை, அம்மா. காம்பரா இனாமாகக் கொடுத்தது இல்லை. உங்கள் உழைப்போடு சேர்த்துக் கொடுத்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்திலேயே, லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத்துரையின் கடமை என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதின சட்டம் அது! 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. காணி அரசாங்கத்துடையது, கம்பெனி குத்தகைக்காரர். ஒரு கணக்குக்கு அவரும் குடியிருப்பாளர்தான்.

ஏழு பேர்ச் காணியில் புது வீடு எடுத்து உறுதிப்பத்திரமும் கையில் உள்ளவர்களுக்கு இது வேறு. அங்கே வீட்டுக்காரர் நீங்கள்தான்.

இது வெறும் தொல்லை மட்டும் இல்லை. எலியின் மூத்திரம் கான் தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, கால் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல். 2008இல் மட்டும் நம் நாட்டில் ஏழாயிரம் பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டார்கள். கடும் காய்ச்சல், மண்டையிடி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் "பனடோல் போட்டாச் சரி" என்று படுக்கவேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கான் வெட்டினதையும் சொல்லுங்கள். நேரத்தோடு போனால் மருந்து உண்டு. இன்னொன்று: மலைக்கு அடிக்கிற மருந்தைப் போத்தலில் ஊற்றி எலிக்கு வைக்க வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு.

சரி, என்ன செய்வது? தனியாளாகப் போனால் "உன் வீடு குப்பை" என்பார்கள். பன்னிரண்டு காம்பராவும் சேர்ந்து போனால் பன்னிரண்டும் குப்பை என்று சொல்ல முடியுமா? அதனால் லயமாகக் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும், எழுதிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதினாலும் போதும். தேதி, லய நம்பர், எந்தக் காம்பராவில் தகரம் ஓட்டை, எங்கே சுவர் வெடிப்பு, கான் எத்தனை நாளாக அடைத்துக் கிடக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். "எலித் தொல்லை தாங்கல" என்று மட்டும் எழுதினால் எலிப்பொறி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஓட்டையை எழுதினால் ஓட்டைக்குப் பதில் சொல்லவேண்டும். எல்லாக் காம்பராவும் கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு. இரண்டு பிரதி. ஆபிசில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் தலைவர் அந்தப் பிரதியோடு சங்க ஆபிசுக்குப் போகலாம். பொது சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே நேரில் முறையிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவர் வந்து பார்த்து நோட்டீஸ் கொடுக்கலாம், கோர்ட்டுக்கும் கொண்டு போகலாம். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தினதோடு தோட்டங்களுக்கும் சபை வேலை செய்ய வழி திறந்தது. கான், குப்பை விசயத்துக்கு உங்கள் சபை உறுப்பினரையும் பிடியுங்கள்.

வேலையிலிருந்து நின்ற பெரியவர்கள் பின்னால் ஒதுங்கி நிற்கிறீர்கள். பயம் தெரியும், "கையெழுத்துப் போட்டா காம்பராவ விட்டு எழுப்பிருவாங்க". கோர்ட் கட்டளை இல்லாமல் உங்கள் சாமானைத் தூக்கி வெளியே வைக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்படி யாராவது மிரட்டினால் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள், எங்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் பங்கும் இருக்கிறது. அரிசி, மாவை மூடி வையுங்கள், விறகைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், மிச்சச் சோற்றைக் கானில் கொட்டாதீர்கள். துரை வந்து பார்க்கிற அன்றைக்கு, கேட்கிற வாய்க்கு இது பலம்.

அந்தத் தாயும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று சொல்லமாட்டோம். தேநீர் குடித்துவிட்டு லயத்துக்கு ஒருவர் மேசைக்கு வாங்க. தாளும் பேனையும் இருக்கிறது, முதல் கடிதத்தை இப்போதே எழுதிவிடுவோம்.