படத்திலிருந்து பாட்டிற்கு



வெள்ளி விழா மேடையில் குழந்தைப் பாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அதனைச் சிறு பணியாகக் கருதவில்லை. 1920களில் சென்னைச் சட்டசபையில் நமக்காக வாதாடிய எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராய் இருந்தவர்; ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து 1930இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் குழந்தைப் பாடல் நூலை அளித்தவர்.

வகுப்பறையில் நடப்பதோ வேறு. செய்யுள் என்றால் மனப்பாடம், தவறினால் ஏளனம். முதல் தலைமுறையாகப் பள்ளி புகும் நம் குழந்தை வாய் திறந்ததும், "இது என்ன பேச்சு?" என்று திருத்தப்படுகிறது. மூன்று முறை அவ்வாறு நேர்ந்தால் அது பேசுவதையே விட்டுவிடுகிறது. வகுப்பில் பேச்சை விட்ட குழந்தை நாளடைவில் பள்ளியையும் விட்டுவிடக் கூடும். தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் வளர்ந்த செவிக்குக் கவிதை எட்டாது என்று எவர் சொல்ல முடியும்?

இங்கேதான் படநூல் கைகொடுக்கிறது. பாட்டு அச்சிட்ட பகுதியைத் தாளால் மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். "இது என்ன?" என்று வினவாதீர்கள், அதற்கு ஒரு சொல்லே விடையாகும். "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள், பேச்சு பிறக்கும். குழந்தை தன் வீட்டுச் சொல்லிலேயே கூறட்டும்; அதனைத் திருத்தாமல் கரும்பலகையில் எழுதுங்கள். சிற்றூர்க் காட்சியாயின் ஆடு, மாடு, வீடு, கூடு என்று சொற்கள் வந்து விழும். கைதட்டிச் சொல்லச் செய்தால், இரண்டாம் எழுத்து ஒன்றாய் ஒலிப்பதைச் செவியே கண்டுகொள்ளும். எதுகை என்னும் பெயரை அதன்பின் சொன்னால் போதும். (இலக்கணம் முன்னும் பாட்டு பின்னுமாக நாம் படித்துவந்தது விந்தையே!) பிறகு பிள்ளைகளே இரண்டு வரி கட்டட்டும். இறுதியில் மறைத்த தாளை நீக்குங்கள். தாங்கள் கட்டியதும் கவிஞர் எழுதியதும் அருகருகே நிற்கக் கண்டால், அப்பாடலை அவர்கள் தாமே விரும்பி மனத்திற்கொள்வர்.

ஓர் எச்சரிக்கை. படநூல்கள் பலவற்றில் மாடி வீடும் பூந்தோட்டமும் உண்டு. நம் குடியிருப்பு இராது. இருப்பினும் இரக்கத்திற்குரியதாகவே இருக்கும். அக்குறை தீர அச்சகத்தை எதிர்பார்க்க வேண்டா. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் தம் தெருவை, களத்துமேட்டை, விடியலில் வேலைக்குச் செல்லும் தாயை வரையட்டும். அடியில் தாம் கட்டிய வரிகளை எழுதட்டும். ஊசியும் நூலும் கொண்டு தைத்தால் அதுவே படநூல். மாலைப் பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டிற்கு ஒன்றேனும் இவ்வாறு தைத்துக் கழக நூலகத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர் பெயர் எழுதும் இடத்தில் அப்பிள்ளைகளின் பெயர்கள் இருக்கட்டும்.