இறால் வடையும் தொடையில் ஓர் ஊசியும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் போட்ட இறால் வடைக் கடை சிலருக்கு நினைவிருக்கும். இறால் காக்கைதீவில் வாங்கியது. இரண்டாவது வடையோடு எங்களில் ஒருத்திக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் கம்மிவிட்டது. நாங்கள் பிரிட்டன் குளிசை கொடுத்தோம். தேசிக்காய்த் தண்ணீர் பருக்கினோம். மயங்கிச் சரிந்தவளைத் தூக்கி நிமிர்த்தி முச்சக்கர வண்டியில் உட்கார வைத்தோம். அவள் பிழைத்தாள், இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். ஆனால் நாங்கள் செய்த அத்தனையும் பிழை என்பது மருத்துவம் படிக்கப் போனபிறகே எங்களுக்குத் தெரிந்தது.

குளிசை சொறியைத்தான் குறைக்கும். தொண்டை வீக்கத்தையும் விழுகின்ற இரத்த அழுத்தத்தையும் அது தடுக்காது. அதற்கு மருந்து அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்புறத் தசையில், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், 5 நிமிடத்தில் குணமில்லையென்றால் மறுபடியும். நோயாளியை நிமிர்த்தவே கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். எழுப்பினால் இரத்தம் காலில் தேங்கி இதயம் வெறுமையாகிவிடும். அப்படி எழுந்து நின்றதும் இறந்தவர்கள் உண்டு. மூச்சுத் திணறுபவர் மட்டும் காலை நீட்டிச் சாய்ந்திருக்கலாம்.

அட்ரினலினுக்குப் பயப்படும் வைத்தியர்களும் இருந்தார்கள். நம் களனி ஆற்றுக்கு அப்பால், ராகமை மருத்துவ பீடத்தார் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. பாம்பு கடித்த 1007 பேர். விஷமுறிவு மருந்து குதிரைச் சீரத்திலிருந்து வருவதால் பலருக்கு ஒவ்வாது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்விளைவு 43 சதவீதம் குறைந்தது. புரோமெதசினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் பயன் தரவில்லை. அது தடுப்பு, இது சிகிச்சை, ஒன்றல்லதான். ஆனாலும் அந்தப் பயம் எவ்வளவு வீண் என்பதை நம் நாட்டு நோயாளிகளே காட்டினார்கள்.

இறால், கணவாய், கஜு, குளவிக் கொட்டு, ஊசி மருந்து, எதுவானாலும் மூச்சோ மயக்கமோ சேர்ந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் கட்டணமில்லை. தெளிந்துவிட்டாள் என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம்.

ஒவ்வாமையுள்ள பிள்ளைகளின் பட்டியல் ஒவ்வொரு வகுப்பாசிரியையிடமும் இருக்க வேண்டும். ஆசிரியைகளுக்குச் செய்துகாட்ட, சங்கத்தின் வைத்தியர்கள் நாங்கள் வரத் தயார். அதிபர் ஒரு சனிக்கிழமையைக் குறித்துச் சொன்னால் போதும்.