முள்ளு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?
(கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முள்கம்பியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர்களில் ஒருவர், "இதுல பேச என்னங்க இருக்கு, கடையில கிலோ கணக்குல விக்கிற சாமான்தானே" என்றார். அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. கிலோ கணக்கில் விற்கிற சாமானுக்கு வரலாறு கிடையாது, அரசியல் கிடையாது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். தீண்டாமையைச் சொல்லும் சாஸ்திரத்தை வரிக்கு வரி படித்துக் கிழித்திருக்கிறோம். ஆனால் தீண்டாமை தெருவில் வந்து நிற்கிறபோது கல்லாகவும் கம்பியாகவும்தான் நிற்கிறது. அந்தக் கம்பியை எவன் வடிவமைச்சான், முள்ளை ஏன் அந்த அளவுல வெட்டுனான், யாரு தோலை மனசுல வச்சு வெட்டுனான் என்று யாரும் கேட்பதில்லை. கம்பிப் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் கேட்கிறேன். நான் சொல்லப் போறதுல பாதி புத்தகத்துல படிச்சது, பாதி கையில கிழிச்சுக்கிட்டது.

கம்பிக்கு முன்னாடி முள்ளு இருந்தது. கிளுவை, கள்ளி, உடைமுள், இலந்தை. பண்ணைக்காரன் தோட்டத்துக்கு முள் வெட்டிக் கொண்டு வந்து வேலி அடைச்சது நம்ம பாட்டன் பூட்டன். அடைச்சு முடிச்சதும் அந்த வேலிக்கு வெளியே போய் நின்னதும் அவங்கதான். இதைப் பெரிய அளவில் செய்தவன் வெள்ளைக்காரன். உப்புக்கு வரி வசூலிப்பதற்காக வடநாட்டில் ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குச் சுங்கக் கோடு போட்டு, அதில் பல நூறு மைலுக்கு உயிருள்ள முள்வேலியே வளர்த்தான். காவலுக்கு 12,000 பேருக்கு மேல். 1867 முதல் 1870 வரை இதற்குக் கமிஷனராக இருந்தவர் ஏ.ஓ. ஹியூம், பின்னால் 1885ல் காங்கிரசைத் தொடங்கி வைத்த அதே ஹியூம். நமக்குப் பாடப் புத்தகத்தில் காங்கிரஸ் ஹியூமைச் சொன்னார்கள், முள்வேலி ஹியூமைச் சொல்லவில்லை. 1879ல் அந்தக் கோட்டைக் கைவிட்டார்கள். அதற்குள் அமெரிக்காவில் இரும்பிலேயே முள் முளைத்துவிட்டது.

1873ல் இல்லினாய் மாநிலத்தில் டிகால்ப் என்கிற ஊர்ச் சந்தையில் ஹென்றி ரோஸ் என்ற விவசாயி, ஆணி அடித்த மரச்சட்டம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். மாடு உரசினால் குத்தும், அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் கிளிட்டன். முள் வைத்த கம்பி அதற்கு முன்னாலும் இருந்தது, ஆனால் முள் கம்பியில் வழுக்கி ஓடிவிடும். கிளிட்டன் காப்பிக் கொட்டை அரைக்கிற மெஷினில் கம்பியைச் சுற்றி முள் செய்தார். அந்த முள்ளை ஒரு கம்பியில் மாட்டி, இன்னொரு கம்பியை அதோடு சேர்த்து முறுக்கினார். ரெண்டு கம்பி முறுக்குக்கு நடுவுல மாட்டுன முள் நகராது. இதுதான் கண்டுபிடிப்பு. 1874 நவம்பர் 24ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நம்ம ஊரு ஹார்டுவேர் கடையில் விற்கிற முள்கம்பியும் இதே கணக்குத்தான். 1874ல் 10,000 பவுண்டு எடை உற்பத்தியானது, 1880ல் 8 கோடி பவுண்டைத் தாண்டியது. ஆறே வருஷம்!

ஏன் இந்த வேகம்? அந்தச் சமவெளியில் மரமும் இல்லை, கல்லும் இல்லை. சுவர் வைக்க ஆளும் இல்லை. சுவர் தன் கனத்தால் தடுக்கிறது. முள்கம்பிக்குக் கனமே வேண்டாம், அது எதிரே வருகிற உடம்பின் வலியை வைத்துத் தடுக்கிறது. அதாவது வேலிக்கு ஆகிற செலவில் பெரும்பங்கை வேலிக்கு வெளியே இருப்பவனின் தோல் ஏற்றுக் கொள்கிறது. அதனாலதான் அது மலிவு.

அந்த நிலம் காலியாகவா கிடந்தது? பூர்வகுடிகளின் நிலம். 1887ல் டாஸ் சட்டம் என்று ஒன்று போட்டு, பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டாக்கி, 'மிச்சத்தை' வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 1887ல் அவர்களிடம் இருந்தது 13.8 கோடி ஏக்கர். 1934ல் 4.8 கோடி. சட்டம் காகிதத்தில் வெட்டிய கோட்டில் தரையில் கம்பி ஓடியது. டெக்சாசில் சின்ன மாட்டுக்காரர்கள் 1883ல் ராத்திரியோடு ராத்திரியாக வேலியை வெட்டினார்கள். உடனே 1884ல் சட்டம் வந்தது. வேலியை வெட்டினால் 1 முதல் 5 வருஷம் வரை சிறை. பொது நிலத்தை வளைத்து வேலி போட்டவனுக்கு? அது சில்லறைக் குற்றம். நம்ம ஊரு காவல் நிலையத்துக்கு இந்தத் தராசு புதுசு இல்லை.

இனி சொல்லப் போவதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். முதலில் வந்த முள் நீளமாக, கொடூரமாக இருந்தது. மாடு கிழிபட்டது, புண்ணில் புழு வைத்துச் செத்தது, தோல் விலை போகவில்லை. மாட்டுச் சொந்தக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். உடனே கம்பெனிகள் முள்ளைச் சின்னதாக்கின. மாட்டின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கம்பியில் மரத்துண்டையும் தகட்டையும் கோத்து விற்றன. மாட்டுக்குச் சொந்தக்காரன் இருந்தான், அதனால் வடிவமைப்பு இரக்கப்பட்டது. மனுசனுக்கு வந்தபோது அதே தொழில் எதிர்த் திசையில் போனது. முதல் உலக யுத்தத்தில் கம்பித் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனி தகட்டை வெட்டி முள் செய்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்றைய பிளேடு கம்பி. அரை மில்லிமீட்டர் தகட்டில் பிளேடு பிளேடாக வெட்டி, உள்ளே உறுதியான எஃகுக் கம்பியை வைத்து இறுக்குகிறார்கள். பிளேடின் ரெண்டு முனையும் கொக்கி மாதிரி இருக்கும். மாட்டிக்கிட்டா முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது. இழுக்க இழுக்க அறுக்கும். சாதாரணக் கட்டிங் பிளேயருக்கு உள்கம்பி மசியாது. வளையங்களை ஆங்காங்கே கிளிப் போட்டு இணைத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிகிற சுருள் கிடைக்கும். லாரியில் சின்னதாக வந்து தரையில் நீளமாக விரியும். பி.டி.ஓ. 22, சி.பி.டி. 65 என்று பெயர் வைத்து விற்கிறார்கள். அந்த எண் என்ன தெரியுமா? பிளேடின் நீளம், மில்லிமீட்டரில். 22 மில்லிமீட்டர் என்பது சட்டையையும் தாண்டும், தோலையும் தாண்டும். விலைப்பட்டியலில் அந்த எண்ணைப் பெருமையாகப் போடுகிறார்கள். மாட்டுக்கு முள்ளைச் சின்னதாக்கின தொழில் மனுசனுக்கு அதை நீளமாக்கிக் கொண்டே போகிறது என்றால், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனுசனுக்காகக் கூச்சல் போட ஆளில்லை என்று அது கணக்குப் போட்டிருக்கிறது.

ரிவியல் நெட்ஸ் என்கிற வரலாற்றாசிரியர் 2004ல் முள்கம்பியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மிருகத்தை அடக்கச் செய்த கருவி போர்க்களத்துக்கும் வதை முகாமுக்கும் போன பாதையைக் காட்டுகிறார். சரிதான். ஆனால் மனுசனை மிருகத்துக்கும் கீழே வைத்துப் பழகிய ஒரு சமூகம் கம்பி வருவதற்கு முன்பே இங்கே இருந்தது. அது அவர் பார்வைக்குள் வரவில்லை.

பட்டறைக்கு வருவோம். 5.5 மில்லிமீட்டர் தடிமனில் கம்பிச் சுருள் வரும். ஆசிட் தொட்டியில் முக்கி அதன் செதிலை எடுக்க வேண்டும். பிறகு சோப்புத் தூளில் புரட்டி டையின் துவாரத்துக்குள் இழுத்து இழுத்து 2.5 மில்லிமீட்டராக்குவார்கள், நாம 12 கேஜுன்னு சொல்றது. அப்புறம் சுமார் 450 டிகிரியில் உருகிக் கிடக்கிற துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். துருப் பிடிக்கிற நேரத்தில் துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். கடைசியாக முள்ளு மெஷின். ரெண்டு கம்பி ஓடும், பக்கவாட்டிலிருந்து வருகிற கம்பி அதில் சுற்றிக் கொள்ளும், கத்தி சாய்வாக வெட்டும். சாய்வாக வெட்டினால்தான் முனை கூராகும். எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 278 என்று முள்கம்பிக்கே தனி விதி இருக்கிறது. முள்ளுக்கும் முள்ளுக்கும் எவ்வளவு இடைவெளி, துத்தநாகம் எவ்வளவு ஏறணும், எல்லாம் சொல்லும். ஆசிட் தொட்டிப் பக்கம் நிற்கிறவன் பல்லைப் பற்றி அந்த விதியில் ஒரு வரி கிடையாது. ஆசிட் புகை பல்லைத் தின்னும், தோழர்களே. நான் வேலை பார்த்த பட்டறையில் தொட்டிப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் நம்ம சனங்க. சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ், ஆபீஸ் எல்லாம் வேற ஆட்கள். முள்ளு மெஷினில் உட்காரவே எனக்கு நாலு வருஷம் ஆனது. அங்கே செய்த சுருள் லாரி ஏறி ஊருக்குப் போனால், குழி தோண்டிக் கல்லுக்கால் நட்டு இழுத்துக் கட்டுகிறவனும் நம்மாளுதான்.

உலகத்தில் இந்தக் கம்பி எங்கே போகிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஆப்பிரிக்காக் கரையில் ஸ்பெயின் வைத்திருக்கிற செயுத்தாவில், 2009ல் செனகல் நாட்டு இளைஞர் ஒருவர் வேலியில் அறுபட்டு ரத்தம் போய் இறந்தார். இந்திய வங்காளதேச எல்லையில் 2011 ஜனவரி 7ல் 15 வயசுப் பெண்ணின் உடுப்பு கம்பியில் மாட்டியது. எல்லைப் படை சுட்டது. உடம்பு மணிக்கணக்கில் கம்பியிலேயே தொங்கியது. 2009ல் வன்னியில் யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 3 லட்சம் தமிழர்களை மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைத்தார்கள். 'முள்வேலி முகாம்' என்கிற சொல்லை அன்றைக்குத்தான் இங்கே எல்லோரும் உச்சரித்தார்கள். அதற்காக ரத்தம் கொதித்த பலருக்குப் பக்கத்துச் சேரி வேலி கண்ணில் படவில்லை என்பதையும் சொல்லாமல் போக முடியவில்லை. ஒரே ஒரு ஆறுதலான செய்தி உண்டு. 2015ல் ஹங்கேரி அரசு அகதிகளைத் தடுக்க செர்பியா எல்லையில் 175 கிலோமீட்டர் வேலி போட்டபோது, பெர்லினில் முட்டானாக்ஸ் என்ற கம்பெனி பிளேடு கம்பி விற்க மறுத்தது. செய்கிறவன் மறுக்கலாம் என்பதற்கு ஒரு சாட்சியாவது இருக்கிறது.

இப்ப நம்ம வேலிக்கு வர்றேன். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு 1892ல் பஞ்சமி நிலத்துக்கான உத்தரவு வந்தது. தலித் அல்லாதவனுக்கு அந்த நிலம் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. அதே 1892ல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளிட்டன் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. தற்செயல்தான். ஆனால் அந்தக் கம்பி இந்த நிலத்தைச் சுற்றி வர ரொம்ப வருஷம் ஆகவில்லை. பத்திரம் செல்லாது என்று தெரிந்தவன் பத்திரத்தை நம்புவதில்லை, வேலியை நம்புகிறான். கல்லுக்கால் நட்டு நாலு இழை கம்பி இழுத்துவிட்டு, பன்னிரண்டு வருஷம் கழித்து அனுபோக பாத்தியதை என்று கோர்ட்டுக்குப் போகிறான். அரசு நிலமென்றால் முப்பது வருஷம் காத்திருக்கிறான். துருப் பிடித்த கம்பியே அவனுக்குச் சாட்சி. அந்த நிலத்தைக் கேட்டதற்கு நமக்குக் கிடைத்தது காரணை. 1994 அக்டோபர் 10ல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்துக்குப் பிறகு எழுப்பின சுவர் உங்களுக்குத் தெரியும். 2008ல் அந்தச் சுவர் மேல் கம்பி போட்டு அதில் மின்சாரம் பாய்ச்சியிருந்தது வெளியே வந்தது. அந்த வருஷம் மே 6ல் ஒரு பகுதியை இடித்தார்கள். சுவர் மட்டும் போதாமல் கம்பி ஏன் தேவைப்பட்டது? பத்தொன்பது வருஷத்தில் நம்ம பிள்ளைகள் ஏறப் பழகிவிட்டார்கள். சுவர் உயரத்தைக் கணக்குப் பண்ணும், கம்பி உடம்பைக் கணக்குப் பண்ணும்.

பிறகு கூண்டு. பாபாசாகேப் சிலையைச் சுற்றி இரும்புக் கம்பிக் கூண்டு. மற்ற சாதித் தலைவர் சிலைகளுக்கும் கூண்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் உடைக்கப்பட்டது யாருடைய சிலை? மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது, அதை மறுக்கவில்லை. நம்ம தோழர்களே சில ஊரில் கூண்டு கேட்டு மனுக் கொடுக்கிறார்கள், அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், ராத்திரிக் காவலுக்கு நிற்கிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். உடைக்க வருகிறவனை வெளியே உலாவ விட்டுவிட்டு, அரசியல் சட்டம் எழுதியவரை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைத் தாசில்தாரிடம் கொடுக்கிற ஏற்பாட்டுக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு தொழில் ரகசியம் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். உயரமான வேலிக் காலின் உச்சியில் கை மாதிரி ஒரு துண்டு சாய்வாக இருக்கும், அதில்தான் மேல் இழைகளை மாட்டுவோம். வெளியே சாய்ந்திருந்தால் வெளியே இருக்கிறவனைத் தடுக்கிற வேலி, உள்ளே சாய்ந்திருந்தால் உள்ளே இருக்கிறவனை அடைக்கிற வேலி. ஆர்டர் எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதிக் கொள்வார்கள். உங்க ஊர் சுடுகாட்டுப் பாதை, மேய்ச்சல் புறம்போக்கு, குளக்கரை, பள்ளிக்கூடச் சுவர், எங்கெல்லாம் கம்பி ஓடுதோ அங்க போயி அந்தக் கை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க. எத்தனை கால், எத்தனை இழை, எந்த வருஷம் நட்டது என்று குறித்துக் கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டு அந்தச் சர்வே எண் யார் பேரில் இருக்கிறதென்று எழுதி வாருங்கள். பன்னிரண்டு வருஷம் ஆகாத வேலிகளை முதலில் எடுப்போம். அடுத்த கூட்டத்துக்கு வருகிறபோது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.