கன்றின் பங்கு



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் விடிந்ததும் பால் சங்கத்துக்குப் போகும். கன்றுக்கு எவ்வளவு மிஞ்சும்?

"நஞ்சு விழட்டும், பிறகு குடிக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படிக் காத்திருக்கக் கூடாது. பிறந்த கன்றுக்கு நோயை எதிர்க்கும் சக்தி சீம்பாலில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குடல் அந்தச் சக்தியை ஏற்காது.

பிறகு பால். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. இங்கே பலர் வளர்ப்பது சுனந்தினி. 1963-ல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் தந்த இனம். கன்று 25 கிலோ இருந்தால் நாளுக்கு இரண்டரை லிட்டர். காலையும் மாலையும் இளஞ்சூட்டோடு கொடுங்கள். விற்றால் காசுதான். ஆனால் நாளைக்குக் கறக்கப் போவது இந்தக் கிடாரிதானே!

தண்ணீரும் தனியாக வையுங்கள். மழைக்காலத்தில் தொழுவத்துச் சாணநீர் கிணற்றில் இறங்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். பால் வாளியை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அழுக்கு வாளியால் கழிச்சல் வரும்.

கழிச்சல் கண்டால் பாலை நிறுத்த வேண்டாம். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை இடையிடையே கொடுங்கள். கண் குழி விழுந்தால் அன்றைக்கே மிருக டாக்டரைக் கூப்பிடுங்கள்.