பீப்பாவிற் கனிந்த பருவம்

பீப்பா என்னுஞ் சொல் தமிழர் நாவிற் பல தலைமுறைகளாகப் பழகிய சொல். ஆயினும் அது தமிழிற் பிறந்ததன்று. போர்த்துக்கேயர் கீழ்த்திசைக் கரைகளில் வந்திறங்கிய காலத்தில் அவர்தம் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. அவர்களுடைய நாட்டின் வடபாகத்திலே அச்சொல் இன்றும் ஓர் அளவையின் பெயராக வழங்குகின்றது. ஏறத்தாழ 550 லீற்றர் போட் வைன் ஒரு பீப்பா எனப்படும். அந்த வைனின் வகைகளுள், அரிய பொருளின் குணத்தை எளிய விலையில் தருவது ஒன்று உண்டு. அதன் பெயர் 'லேட் பொட்டில்ட் விண்டேஜ்'. அஃதாவது, ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து எடுத்து, காலந்தாழ்த்திப் போத்தலில் அடைத்த வைன் என்பது பொருள்.

இவ்வைன் பிறக்கும் இடம் தூரோ ஆற்றின் பள்ளத்தாக்கு. தகடு தகடாகப் பிளக்கும் பாறை நிறைந்த செங்குத்தான மலைச்சரிவுகளை மனிதர் தம் கைகளாற் படிப்படியாக வெட்டி, கல்லணை கட்டி, முந்திரிகைக் கொடிகளை நட்டனர். கோடையிலே அனல் வீசும் நிலம் அது. பாறைப் பிளவுகளினூடே வேர்கள் ஆழச் சென்று நீரைத் தேடுகின்றன. சரிவு மிக்க இடங்களில் இன்றும் குலைகளைக் கையாலேயே கொய்கின்றனர். 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலப்பரப்பை உலக மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

1703ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, போர்த்துக்கேய வைனுக்கு பிரெஞ்சு வைனிலும் மூன்றிலொரு பங்கு குறைவான தீர்வை விதிக்கப்பட்டது. வாணிகம் பெருகிற்று, அதனோடு கலப்படமும் பெருகிற்று. ஆகவே 1756ஆம் ஆண்டிலே பொம்பால் பிரபுவின் ஆட்சியில் வைன் விளையும் நிலத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. அவ்வெல்லையைக் காட்டக் கருங்கற்றூண்கள் நாட்டப்பட்டன.

போட் வைன் இனிப்பாயிருப்பதற்குக் காரணம் யாது? பழச்சாறு நொதிக்கும்போது அதிலுள்ள சர்க்கரை மதுசாரமாக மாறுகின்றது. சர்க்கரையிற் பாதியளவு எஞ்சியிருக்கும்போதே முந்திரிகையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்திவிடுகின்றனர். 435 லீற்றர் சாற்றுக்கு 115 லீற்றர் சாராயம் என்பது பழைய கணக்கு. இரண்டுஞ் சேர்ந்தால் ஒரு பீப்பா. இவ்வாறு பழத்தின் இனிமையும் நின்றுவிடுகின்றது. மதுசாரமும் நூற்றுக்கு 20 அளவுக்கு உயர்கின்றது.

போட் வைன்களுள் முடிசூடியது 'விண்டேஜ்' என்பதாம். சிறந்த ஆண்டொன்றின் அறுவடையை மாத்திரம் எடுத்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளிற் போத்தலில் அடைத்து, பின்பு இருபது முப்பது ஆண்டுகள் நிலவறையிற் கிடத்துவர். பிள்ளை பிறந்த ஆண்டின் வைனை வாங்கிச் சேமித்து, அப்பிள்ளை பராயமடையும்போது திறப்பது ஆங்கிலச் செல்வர் சிலரின் வழக்கம். ஆனால், நிலவறையும் இல்லாது நீண்ட காலமும் இல்லாது வாழ்வோர் யாது செய்வர்?

அவர்களுக்கு விடையாக அமைந்ததே காலந்தாழ்த்தி அடைத்த வைன். இதுவும் ஓர் ஆண்டின் விளைவே. ஆனால் அறுவடையின் பின் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான காலத்திலேயே போத்தலுக்குள் புகுகின்றது. போத்தலிலே பல்லாண்டு கிடந்து தணியவேண்டிய முரட்டுத் துவர்ப்பு, பெரிய மரப்பீப்பாக்களிலே விரைந்து தணிகின்றது. வாங்குபவர் செய்யவேண்டிய காத்திருத்தலின் ஒரு பங்கை ஆக்குபவரே செய்துவிடுகின்றார். டெயிலர் நிறுவனம் 1965ஆம் ஆண்டின் அறுவடையை 1970இல் இவ்வகையாக விற்பனைக்கு விட்டபின் இது பரவலாயிற்று. விண்டேஜின் விலையிலே சிறு பங்குக்கே இது கிடைக்கின்றது.

வாங்குவோர் அறியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. இவ்வைனில் இரு வகை உள. முதலாவது, வடிகட்டி அடைத்தது. அதன் தக்கைக்குத் தலைப்பகுதி இருக்கும், விரலாலேயே திறக்கலாம். இது வாங்கிய நாளிலேயே பருகத்தக்கது; வைத்திருப்பதாற் பெரிதும் மேம்படுவதில்லை. இரண்டாவது, வடிகட்டாதது. இதன் தக்கை போத்தலின் கழுத்துக்குள் முழுதும் இறங்கியிருக்கும். இது போத்தலிலும் தொடர்ந்து முதிரும், மண்டியும் படியும். ஆகவே இதனைக் கிடையாகச் சேமித்து, திறப்பதற்கு ஒருநாள் முன்னர் நிமிர்த்தி வைத்து, கண்ணாடிக் குடுவையொன்றில் மெல்லச் சரித்து ஊற்றி, மண்டி கழுத்தை அடையுமுன் நிறுத்துதல் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதவர் முதல் வகையைப் பல ஆண்டுகள் பூட்டிவைத்துப் பயன்காணார். இரண்டாம் வகையைக் குலுக்கி ஊற்றிக் கசந்த மண்டியைக் குடிப்பர். இரு சாராரும் பழியை வைனின்மேற் சுமத்துவர். போத்தலின் சீட்டிலே அறுவடை ஆண்டும் அடைத்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வாசித்து வாங்குதல் நன்று.

சுவைத்தலும் ஒரு பயிற்சியே. சிறிய கிண்ணமொன்றில் மூன்றிலொரு பங்கு ஊற்றினாற் போதும். 16 முதல் 18 பாகை வெப்பம் ஏற்றது. வெப்ப நாடுகளிற் சிறிதுநேரம் குளிரூட்டியில் வைத்தெடுப்பது தகும். முதலிற் கண்: நடுவிலே கருமை, விளிம்பிலே செம்மை. அடுத்தது மூக்கு: கறுத்த பழங்களின் மணமும், சிலவற்றில் அதிமதுரத்தின் சாயலும் தோன்றும். இறுதியாக நா: இனிமை முந்திவரும், அதன்பின் துவர்ப்பு எழுந்து அவ்வினிமையைக் கட்டுப்படுத்தும். நாவற்பழத்தை உண்டறிந்த நாவுக்கு இத்துவர்ப்பின் பயன் எளிதில் விளங்கும். இனிமை மாத்திரம் எஞ்சி நிற்பின் அது பாகு. துவர்ப்பும் உடன் நின்றாலே அது நல்ல போட் வைன். விழுங்கியபின் அச்சுவை நெடுநேரம் நிலைப்பதும் தரத்தின் அடையாளமாகும். நீலப்பூசணம் படர்ந்த பாற்கட்டியும், இனிப்புக் குறைந்த கறுப்புச் சொக்கிலேற்றும் இதற்கு உகந்த துணைகள்.

திறந்த போத்தல் என்றும் கெடாது என்று எண்ணுதல் தவறு. காற்றுப் பட்டதும் மணம் குறையத் தொடங்கும். ஓரிரு வாரத்துக்குள் முடித்தல் நன்று. அதற்காக ஓரிரவில் முடிப்பதும் அறிவுடைமையன்று. சாதாரண வைனிலும் வலிமை மிக்க இதனைச் சிறுகச் சிறுக, நால்வர் கூடிப் பகிர்ந்து பருகுவதே முறை.

விலை உயர்ந்தது யாவும் சிறந்தது என்பது வணிகர் வகுத்த அளவுகோல். அதனை விடுத்து, சீட்டை வாசிக்கக் கண்ணையும், பொறுத்துச் சுவைக்க நாவையும் பழக்கியவருக்கு, செல்வரின் நிலவறையிற் கிடக்கும் ஆண்டின் ஒரு பங்கு எளிய விலையில் வாய்க்கின்றது. அளவு கடவாத வரையில், அந்த இன்பம் அவருக்கு உரியதே.