புகைமூட்டமும் இழுப்பு நோயும்



2005 ஆகஸ்டு 11ஆம் நாள் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்திராவில் சதுப்புக் காடுகள் எரிந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையை நம் பக்கம் கொண்டுவரும்.

என் மாணவன் ஒருவனின் தந்தை, "இப்போதுதான் இழுப்பு இல்லையே, மருந்து எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். புகை சூழ்ந்த இரவில் மூச்சுத் திணறித் தவித்தார்.

நாள்தோறும் உறிஞ்சும் தடுப்பு மருந்து மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணித்து வைக்கும். ஆகவே, நலமாய் இருக்கும்போதும் அதை நிறுத்தலாகாது. திணறலை உடனே தணிக்கும் மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். புகை நாளில் சன்னலை அடைத்து வீட்டுக்குள் இருங்கள். கொசுவத்தியும் சுருட்டும் வேண்டா.

மருந்து உறிஞ்சியும் முழு வாக்கியம் பேச மூச்சுப் போதாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.